ஏழாம் எண் பைல்

இட்டமொழி தாண்டித் தேரி தொடங்கும் இடத்தில்
சிவந்த மணலுக்குள் பதினாறு பைல்கள்.
ஒவ்வொன்றும் பன்னிரண்டு மீட்டர்.
மேலே ஒரு காற்றாலை வரப்போகிறது.
அதன் எடையைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.
எடை கீழே போகும், போன இடத்தில் தங்கும்.
கவலையெல்லாம் ஆனி மாதத்தைப் பற்றி.
கணவாய் வழியே மேற்கிலிருந்து வருகிறவன்
தலையில் ஏறி உட்காருவதில்லை,
தோளில் கைவைத்துத் தள்ளுகிறான்.
முன்வரிசையைப் பிடுங்கப் பார்ப்பான்,
பின்வரிசையை அமுக்கப் பார்ப்பான்.
எடையும் அவனும் சேர்ந்தால் ஒரு சாய்ந்த கோடு.
பைல் அதைக் கிழித்து வாங்கிக்கொள்ளும்:
ஒரு துண்டு பாதத்துக்கு,
ஒரு துண்டு விலாவுக்கு.

ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே ஜாக்கியைப் படுக்கவைத்தோம்.
ஒன்றில் ஊன்றித்தான் மற்றொன்றைத் தள்ள முடியும்;
எது ஊன்றுகோல், எது பகையாளி என்பது
ஜாக்கிக்குத் தெரியாது.
பம்பு அடித்தவன் பெயர் ஐகோர்ட்மகாராஜன்.
டயல் கேஜின் முள்ளைப் பார்த்தவள் நான்.

இரண்டு டன். முள் சும்மா இருந்தது.
நான்கு.
"அசைய மாட்டக்கு மேடம்" என்றான்.
அசைந்திருந்தது, அரை மில்லிமீட்டர்.
ஆறு. ஒன்று புள்ளி நான்கு.
எட்டு டன்னில் ஆறாம் எண் இரண்டு என்றது,
ஏழாம் எண் ஐந்தரை.

துளையிட்ட அன்று
ரிக்கின் ஒரு கால் மணலில் அமிழ்ந்தது.
நூற்றுப்பத்து மில்லிமீட்டர் கிழக்கே தள்ளிக்
கான்கிரீட் இறுகிவிட்டது.
சுற்றிலும் கலைந்த மணல் இன்னும் கலைந்தே கிடக்கிறது.
நூற்றுப்பத்துதானே, ஒரு சாண்கூட இல்லையே
என்றார் சூப்பர்வைசர் பிளவேந்திரன்.
காலையில் அவர் மொபெட்டில் வந்ததை நான் பார்த்தேன்:
ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் கேன்,
மறுபக்கம் அவர் முழங்கால் விறைத்திருந்தது.
கேனின் எடை கேனில்தான் இருந்தது.
அதன் முறுக்கு அவர் இடுப்பில்.

"எங்க வளையும்?" என்று கேட்டார்.
நாம் நிற்கும் மட்டத்தில் இல்லை.
ஓர் ஆள் குழிக்குக் கீழே, இருட்டில்,
கம்பிக்கூடு அங்கேதான் பல்லைக் கடிக்கும்.
அதற்கும் கீழே எட்டு மீட்டருக்குச் செய்தியே போகாது.
நுனி இன்னும் போன மாசியில் இருக்கிறது.

இரவு பதினொன்றுக்கு ஜாக்கியைத் தளர்த்தினோம்.
முள் திரும்பியது. நான்கு. மூன்றரை. மூன்று.
இரண்டு புள்ளி ஒன்பதில் நின்றுகொண்டது.
"சைபர்னு போட்டுருங்க, காலையில சரியாயிரும்."
டார்ச்சோடு குப்புறப் படுத்துப் பார்த்தேன்.
தள்ளிய நேரத்தில்
பைலின் முதுகுக்குப் பின்னால் ஒரு பிறைக்கீற்று இடைவெளி;
அது திரும்பி வருவதற்குள் மணல் ஓடி நிரப்பியிருந்தது.
களிமண் என்றால் வாயைத் திறந்தபடி காத்திருக்கும்.
தேரி மணல்
ஆள் எழுந்த நாற்காலியில் உடனே உட்காரும்.
அடுத்த காற்றில் இன்னும் கொஞ்சம்,
அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம்.

இரண்டு புள்ளி ஒன்பது என்று எழுதினேன்.
பிளவேந்திரன் மொபெட்டை உதைத்துக் கிளப்பிப் போனார்.
கேன் இப்போது காலி, வண்டி நேராக ஓடியது.

மணலால் கையின் ஆயிலைத் தேய்த்தபடி
ஐகோர்ட் கேட்டான்:
"அப்போ ஏழு செத்துட்டா?"
இல்லை, பக்கத்தில் இன்னும் இரண்டு இறக்குவார்கள்,
எல்லாத் தலைகளையும் ஒரே கான்கிரீட் தட்டில் பிணைப்பார்கள்.
தலை பிணைபட்டால் இவ்வளவு நகராது.
"வளையாதா?"
வளையும். தட்டுக்குள் வளையும், வெளியே தெரியாது.
அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு பீடியைத் தேடினான்.

நோட்டின் மேல் ஜாக்கித் திருகை வைத்தேன்,
பக்கங்கள் படபடக்கத் தொடங்கியிருந்தன.
தெற்கே காவல்கிணறு பக்கம் சிவப்பு விளக்குகள்,
ஒன்றையொன்று பார்க்காமல் அணைந்து எரிந்தன.
கேஜைக் கழற்றும் முன் இன்னொரு தடவை பார்த்தேன்.
இரண்டு புள்ளி ஒன்பது.