முதல் துளை

இருக்கையின் பாலித்தீனை
இன்னும் கிழிக்கவில்லை.
ஓடோமீட்டரில் நாற்பத்தொரு கிலோமீட்டர்:
ஷோரூமிலிருந்து வீடு,
வீட்டிலிருந்து முனீஸ்வரன் கோயில்,
எலுமிச்சம்பழச் சாறு காயாத சக்கரங்களோடு
அன்சர் கடை.

கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை சாலை.
மதியம் இரண்டு மணி.
சையத் பாஷா மலைப்பாறையில் விழுந்த வெயில்
அங்கிருந்து இன்னொரு தடவை
எங்கள் மேல் இறங்குகிறது.

"எவ்வளவுக்குள்ளண்ணா?"
இருபத்திரண்டு என்றேன்.
பதினாறு என்றாள் முனிலட்சுமி.
ஓட்டப்போவது நான்.
குழுவில் கையெழுத்துப் போட்டவள் அவள்.

எனக்கு என்ன வேண்டுமென்று எனக்குத் தெரியும்.
எட்டு வருஷம் அடுத்தவன் வண்டி ஓட்டிக்கொண்டு
எதிரில் வந்த வண்டிகளிலிருந்து
ஒவ்வொன்றாகக் கழற்றி
மனசுக்குள் மாட்டி வைத்தது:
கூரைமேல் எல்ஈடி பட்டை,
மூன்று குழல் ஏர் ஹாரன்,
முகத்துக்குக் கொம்பு மாதிரி கம்பிக் காப்பு.

அன்சர் ஹாரன் ஒயரை
பேட்டரியில் தொட்டுக் காட்டினான்.
தெருவில் ஒரு நாய் எழுந்து
இடம் மாற்றிப் படுத்தது.
"தக்காளிக்குக் காது இருக்குதா?" என்றாள்.

கம்பிக் காப்பு மாட்டினால்
செக்போஸ்ட்டில் நிறுத்துவார்கள் என்று
அன்சரே சொன்னான்.
விற்கிறவன் வாயிலிருந்து வந்ததால்
நம்ப வேண்டியதாயிற்று.

"பின்னால பட்டையில ஒரு தகடு கூட்டிக்கங்கண்ணா.
மண்டியில 'இன்னும் பத்துப் பெட்டி'ன்னு
சொல்லாத ஆளு யாரு?"
நான் தலையாட்டுவதற்குள் அவள்,
"தகடு கூட்டினா அந்தப் பத்து
இருபதாகும். வேணாம்."

தார்ப்பாயை விரித்து
வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள்.
ஊசிமுனை வெளிச்சம் இரண்டு.
அடுத்ததை எடு என்றாள்.
அடுத்ததில் ஒன்று.
மூன்றாவதற்குள் ஆள் நிற்குமளவு இருட்டு.
அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்,
விலை கேட்காமல்.

தொட்டிக்கு ரப்பர் விரிப்பு மட்டும்
நான் கேட்டு அவள் மறுக்காதது.
தொப்பூர் இறக்கத்தில்
பெட்டிகள் முன்னால் நகரும் சத்தம்
முதலில் முதுகுக்குத்தான் கேட்கும்.
என் முதுகு ராத்திரியில் திடுக்கிடுவதை
அவள் பார்த்திருக்கிறாள்.

பிறகு, "எனக்கு ஒண்ணு வேணும்."

இடது கதவருகில் போய் நின்றாள்.
ஒரு கையில் சேலைக் கொசுவம்,
இன்னொரு கையில் கணக்கு நோட்டு.
"ஏறச்சே கால் வைக்க இந்தப் பக்கம் எதுவுமில்ல.
பிடிக்கவும் எதுவுமில்ல."
மூன்று வருஷமாக
சக்கரத்தின் நட்டுமேல் மிதித்துத்தான்
என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.
கணுக்காலுக்கு மேலிருக்கும் தழும்பு
எந்த வண்டியினுடையது என்று
நான் கேட்டதில்லை.

அன்சரிடம் இருந்த படிகள்
பளபளப்பாக இருந்தன,
வேறு வண்டிக்கு, வேறு உயரத்துக்கு.
அவள் ஒரு செங்கலை உருட்டி வந்து
மேலே அரைச் செங்கல் வைத்து
ஏறி, இறங்கி, மறுபடி ஏறி,
"இவ்வளவு" என்றாள்.
பக்கத்துப் பட்டறையில் குழாய் வெட்டும் தீப்பொறி
அரை மணி நேரம் பறந்தது.

சாக்பீஸில் நான்கு புள்ளி.
"துளை போடட்டுமாண்ணா?"
தாய்மாமன் வருவதற்குள்
காது குத்துகிற வீட்டில் நிற்பவன் மாதிரி
ரோட்டைப் பார்த்துக்கொண்டேன்.
டிரில் பாடிய பாட்டில்
என் முதல் தவணை சுருள்சுருளாக
வெள்ளைப் பெயிண்டோடு கீழே விழுந்தது.
துரு பிடிக்காமலிருக்க
கடைப் பையன் விளிம்பில் செம்மண் நிறப் பூச்சைத் தடவினான்.

பதினைந்தாயிரத்து எழுநூற்று நாற்பது.
மிச்சப் பணத்துக்கு
தொட்டிக்குள் ஒரு சின்ன விளக்கு:
விடியலுக்கு முந்தி பெட்டி எண்ண.

நான் சாவியைச் சட்டைப்பையில்
துழாவிக்கொண்டிருக்கும்போதே
இடது கதவு சாத்தும் சத்தம்.
உள்ளே அவள்,
பாலித்தீனைப் பல்லால் கடித்துக்
கிழித்துக்கொண்டிருந்தாள்.

ரோட்டில் ஏறும்போது
கம்பெனி ஹாரனை ஒரு தடவை அழுத்தினேன்.
நாய்
கண்ணைக்கூடத் திறக்கவில்லை.