பின் பிரேக் மட்டும்

சைக்கிள் வாடகை நாளுக்கு ஐந்நூறு, ஒன்றுக்கு.
றெஜினோல்ட் பேரம் பேசினான்.
இரண்டுக்கும் எண்ணூறு, ஆனால் ஒன்றுக்குப்
பின் பிரேக் மட்டும்தான்.
அதை எனக்குத் தந்தான்,
"நீ பாரம் குறைவு" என்று.
காதல் என்று எழுதிக்கொள்ளலாம்.
கணக்குக் கொப்பியில் அதற்குப் பத்தி இல்லை.

மட்டக்களப்பிலிருந்து கொண்டுவந்தது ஒன்பதாயிரம்.
இரவு பஸ்ஸுக்கானது என் பையின் உள்ளறையில், ஊசி குத்தி.
மிச்சத்தில்,
வெள்ளைக்காரர் வைன் தோட்டம் தோட்டமாகச்
சைக்கிளில் போவார்களாமே, அதுபோல
தவறணை தவறணையாகப் போவதென்று
நேற்றிரவு லொட்ஜின் கிறீச்சிடும் ஃபேனுக்குக் கீழே
தீர்மானம் நிறைவேறியது.

இருபாலையில் முதலாவது.
தகரக் கூரை. கூட்டுறவுச் சங்கத்தின் பெயர்
பாதி உரிந்து.
"தங்கச்சி, குறை நினையாதேங்கோ,
பொம்பிளையள் உள்ளுக்க வாறேல்லை."
குறை நினைக்காமல் வேலியோரம் நின்றேன்.
கிடுகு இடுக்கால் ஒரு கை பிளாவை நீட்டியது.
யாருடைய கை என்று இன்றுவரை தெரியாது.
காலைக் கள், இனிப்பு இன்னும் விட்டுப்போகவில்லை.
நுரையில் ஓர் எறும்பு.
ஊதிவிட்டுக் குடித்தேன்.
எதிர்வீட்டு ஆடு முழுவதையும் பார்த்தது.

நீர்வேலிக்குப் போகும் வழியில் ஒரு பலகை:
முந்திரிகைப் பழம் விற்கப்படும்.
எங்கள் பக்கம் முந்திரிகை என்றால் கொட்டை.
இங்கே அது கறுத்த குலையாய்ப் பந்தலில் தொங்கியது,
வௌவாலுக்கு வலை போர்த்தி.
"வைன் இருக்கா?" என்றான் இவன்.
கத்திரிக்கோலோடு நின்றவள் சிரித்தாள்.
"அது சிஸ்டர்மாரிட்டத்தான். ஞாயிறில அவையள் பூட்டு."
கிலோ ஆயிரத்து இருநூறு.
நூறு கிராம் கேட்டோம்.
அவ்வளவு சின்ன ஆசையை நிறுக்கத் தெரியாமல்
தராசு ஆடிக்கொண்டே நின்றது.
உதிர்ந்ததை அள்ளிச் சொப்பின் பையில் போட்டு
"கொண்டு போங்கோ" என்றாள்.

ஓடிக்கொண்டே அவன் ஒன்றை எறிய
நான் வாயால் பிடிக்கப்போய்
மரவள்ளித் தோட்டத்துக்குள் இறங்கினேன், சைக்கிளோடு.
முழங்கால் வரை செம்மண்.
பழம் வாயில்தான் இருந்தது.

உரும்பிராய்ப் பக்கம் அடுத்தது.
இந்தமுறை நான் கேட்கவில்லை. உள்ளே போனேன்.
முந்நூற்றிநாலு ஆடிய நால்வரும் ஒரே நேரத்தில்
சீட்டை நெஞ்சோடு மறைத்தார்கள்,
நான் துருப்பைப் பார்க்க வந்தவள்போல.
பிறகு, விரலில் சீமெந்து காய்ந்த ஒரு மேசன்
வாங்கிலிருந்த தன் கரண்டிப் பையை
நகர்த்தி வைத்தான்.
அவ்வளவுதான் நடந்தது.

கணவாய்ப் பொரியல் அரைத் தட்டு.
கள் இப்போது நன்றாகப் புளித்திருந்தது,
நாக்கைக் கிள்ளியது.
எனக்கு மூன்று பிளா.
இவனுக்கு இரண்டாவதிலேயே கண் சொருகியது.
"அண்ணை" என்றான் மேசன், சீட்டிலிருந்து கண் எடுக்காமல்,
"பிரேக் உள்ளதை அக்காட்டக் குடுங்கோ. அவ நிதானம்."

மாற்றிக்கொண்டோம்.
தோட்டங்களுக்கு நடுவே நீளும் ஒழுங்கையில்
நான் முன்னால்.
பின்னால் அவன் மணி அடித்துக்கொண்டே வந்தான்,
யாருமில்லாத வீதிக்கு,
பனைகளுக்கு,
என் முதுகுக்கு.

இரவுக்கென்று ஒரு போத்தல் வாங்கியிருந்தோம்.
"மூடியை இறுக்காதேங்கோ, அது மூச்சு விட வேணும்"
என்று சொல்லித்தான் தந்தார்கள்.
பைக்குள் ஊற்றுப்பட்டுவிடும் என்று
நான்தான் இறுக்கினேன்.

பஸ் நிலையத்தில், எங்கள் ஆசனத்துக்கு மேல்,
வெடித்தது.
"ஆற்ற சாமான் இது?" என்றான் கொண்டக்டர்.
நாங்கள் இருவரும் திரும்பி
மற்றவர்களைப் பார்த்தோம்.

ஆனையிறவு வரை எல்லா யன்னலும் திறந்தே கிடந்தன.
உப்புக் காற்று.
என் தலைமயிரிலிருந்து சொட்டியதை
அவன் சுட்டுவிரலால் தொட்டு நக்கிப் பார்த்தான்.
"இப்பதான் பதம்" என்றான்.

கொப்பியை விரித்தேன். மை கரைந்து
எல்லா எண்ணும் ஒரே நீலம்.
மிச்சம் இருநூற்று நாற்பது என்று நினைக்கிறேன்.
இருநூற்று எழுபதாகவும் இருக்கலாம்.