இருபத்தாறாம் திகதி

நூற்றிருபது இடியப்பம் அவிச்சன், நத்தாருக்கு.
பதினொரு பேர் எண்டு கணக்கு.
இருந்து சாப்பிட்டது அஞ்சு பேர்.
அதிலும் கிளாரன்ஸ் மாமாவுக்குச் சீனி வருத்தம்,
மூண்டோடை எழும்பிட்டார்.

காலமை பிரிஜ்ஜைத் திறந்தால்
இடியப்பம் ஒண்டோடொண்டு ஒட்டி
பழைய தலையணை மாதிரிக் கிடக்குது.
ஆட்டுக்கறிக்கு மேலை கொழுப்பு உறைஞ்சிருக்கு,
பீடத்து மெழுகுதிரி வழிஞ்ச மாதிரி.
பாசையூர்ச் சந்தையிலை விலை பேசி வாங்கின நண்டு, பாதிச் சட்டி.
கேக்கிலை ஒரு மூலை.
சொதி திரைஞ்சு போச்சு. அதை ஊத்தித்தான் விட்டன்.
எல்லாத்தையும் காப்பாத்தேலாது.

மற்றதை எறிய மனம் வரேல்லை.
எறிஞ்சாலும் வாசலிலை படுக்கிற நாய்க்குத்தான்.
அது நேற்றே வயிறு முட்டத் திண்டு
இண்டைக்கு என்னை நிமிர்ந்தும் பாக்குதில்லை.

விரலிலை பச்சைத்தண்ணி தொட்டு
இடியப்பத்தை உதிர்த்தன், சிக்கெடுக்கிற மாதிரி.
இழுத்தால் அறும். விட்டால் ஒட்டும்.
தாச்சியிலை எண்ணெய், பெருஞ்சீரகம், ரம்பை,
ரெண்டு வெங்காயம், நாலு முட்டை.
எலும்பிலை இருந்து இறைச்சியைப் பிச்சு
அந்த உறைஞ்ச கொழுப்போடையே போட்டன்.
உருகேக்கை வந்தது நேற்றையான் மணமில்லை.
நேற்றையான் மணம் படலையைப் பாத்துக்கொண்டு நிண்டது.
இது என்னைப் பாத்தது.

ரெண்டு தட்டகப்பையாலை கொத்தினன்.
வேலிக்கு அங்காலையும் கேக்கும்.
கேக்கட்டும்.

வேலிக்கு அங்காலை என்ரை அண்ணை,
அவற்றை பெண்சாதி, நாலு பிள்ளையள்.
பதினொண்டிலை அஞ்சு போக மிச்சம் அவைதான்.
அரைப்பரப்புக் காணி, ஒரு கிணத்துப் பங்கு, நாலு வரியம்.
இதுக்கு மேலை சொல்லமாட்டன்,
தாச்சி அடிப்பிடிச்சிடும்.

நண்டுக் குழம்புக்குள்ளை
ஊறப்போட்டுக் கசப்பு வடிச்ச ஒடியல் மாவைக் கரைச்சு விட்டன்.
புளி, செத்தல் மிளகாய், கொஞ்சம் பயித்தங்காய்.
கூழ் எண்டு சொல்லேலாது.
கூழின்ரை ஒண்டைவிட்ட தம்பி.
கேக்கை நொறுக்கி ரின்பாலிலை குழைச்சு
தேங்காய்ப்பூவிலை உருட்டினன்.
சொல்லாட்டில் புது இனிப்பு.

அப்பதான் முத்தத்திலை பந்து விழுந்தது.
பந்துக்குப் பின்னாலை வேலிப் பொட்டுக்குள்ளாலை பூந்து
மெல்வின், அண்ணையின்ரை கடைசி.
"என்ன மாமி மணக்குது?"
நிண்டபடி ஒரு கோப்பை. இருந்து ஒரு கோப்பை.
மூக்கைத் துடைச்சுக்கொண்டு,
"அப்பாவுக்குக் கொஞ்சம் கொண்டு போகட்டோ?"

நான் ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை.
மூடியிருந்த பெரிய ஏதனத்தை எடுத்து நிரப்பினன்.
விழுத்திப்போடாதை எண்டது மட்டும்தான் சொன்னன்.

அரை மணித்தியாலத்திலை ஏதனம் திரும்பி வந்தது.
வெறும் ஏதனம் திருப்பி அனுப்புற பழக்கம்
அந்த வீட்டிலையும் இல்லை, இந்த வீட்டிலையும் இல்லை,
ரெண்டும் ஒரு வீடாய் இருக்கேக்கையும் இல்லை.
திறந்தால் மீன் கட்லெட்.
அறுக்குளா. இன்னும் சுடுது.

"நேற்றையான் மீன் மாமி," எண்டான் பொடியன்.
"அப்பா ரெண்டு மீன் வாங்கினவர்.
இவ்வளவும் ஆருக்கு எண்டு அம்மா ஏசினவா.
பத்து மணி மட்டும் சாப்பாட்டை மூடி வைச்சிருந்தவை.
ஒருத்தரும் வரேல்லை."
சொல்லிப்போட்டுப் பந்தோடை ஓடிட்டான்.

எண்ணிப் பாத்தன்.
பத்து.
எங்களுக்கு ஆளுக்கு ரெண்டு,
கிளாரன்ஸ் மாமாவையும் சேர்த்து.

ஒண்டைக் கடிச்சன்.
மிளகு கூட. அண்ணைக்கு எப்பவும் கை நிக்காது.

அடுப்பிலை கூழ் இறுகிக்கொண்டு வருது.
தண்ணி விடவேணும், பதினொரு பேருக்குக் காணிற மாதிரி.
குழாயிலை இண்டைக்கும் தண்ணி இல்லை.
வாளியை எடுத்துக்கொண்டு
கிணத்தடிக்குப் போறன்.