மூணாம் அட்டி

நூறிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்,
தூக்கம் வந்துவிடும் என்றார் டாக்டர்.
அவருக்குத் தெரியாது,
பகல் முழுக்க எண்ணுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
தொண்ணூற்றெட்டு என்றதும்
அது நாற்பது கிலோச் சிப்பமாகி
நெஞ்சின் மேல் உட்காருகிறது.

நீடாமங்கலம். மணி ஒன்று இருபது.
ரயில்வே கேட் மூடும் சத்தம்.
நெல் ஏற்றிய கூட்ஸ்
முன்னே போய், பின்னே வந்து,
திரும்ப முன்னே போகிறது.
கொக்கி மாட்டாத ஒரு பெட்டி
எத்தனை முறை இடித்தும் சேரவில்லை,
அங்கேயா என் தலைக்குள்ளா தெரியவில்லை.

மூணாம் அட்டியில் தார்ப்பாய் போர்த்தினார்களா?
கயிறு கட்டினார்களா, செங்கல் மட்டும் வைத்தார்களா?
தார்ப்பாயிலிருந்து அந்தப் பெண்ணுக்குத் தாவுகிறேன்.
ஈரப்பதம் இருபத்திரண்டு, எடுக்க முடியாது என்றதும்
ஒரு வார்த்தை பேசாமல்
நெல்லை மறுபடி சாலையில் கொட்டிக் காயவைத்தவள்.
திட்டியிருக்கலாம்.
அவளிடமிருந்து மகனின் ஹாஸ்டல் பாக்கி.
அங்கிருந்து, ஏனென்று தெரியாமல்,
ஒன்பதாம் வகுப்பில் நான் சொன்ன ஒரு பொய்.

வெண்ணாறு இந்த ஊரில்தான் மூன்றாகப் பிரிகிறது.
தலைப்பில் ஷட்டர் எல்லாவற்றையும்
ஒரேயடியாய் இறக்கினால்
தண்ணீர் தூங்கிவிடாது,
கரையில் எலிவளை தேடும்.
தெரிந்திருந்தும் தினமும் பத்து மணிக்கு
எல்லாவற்றையும் இறக்கிவிட்டுத்தான் படுக்கிறேன்.

இரண்டு மணி. எங்கோ ஒரு இடி,
அல்லது லாரி.
எழுந்து, பழைய பட்டியலின் பின்பக்கம்
ஒவ்வொன்றாய் எழுதினேன்.
தார்ப்பாய். பாக்கி. பூங்கோதை, காலையில் முதல் ஆள்.
பொய்யை எழுதவில்லை.
பார்த்தால் ஒரு மளிகைச் சீட்டு நீளம்கூட இல்லை.

பிறகு வெட்கத்தை விட்டு
உத்திராபதிக்குப் போன் போட்டேன்.
முதல் மணியிலேயே எடுத்தார்.
"மேடம், நீங்களும் முழிச்சுத்தானா?"
"மழை வருமோன்னு..."
"வெள்ளியெல்லாம் தெரியுது. மூணாம் அட்டிக்கு
நானே கயித்த இழுத்துக் கட்டுனேன்.
மேல நாய் ஒண்ணு ஏறிப் படுத்திருக்கு, எறக்கவா?"

வேண்டாம் என்றேன்.

படுத்தேன். தூக்கம் வந்ததென்று சொல்ல மாட்டேன்.
கேட் திறந்தது.
அவ்வளவு நேரம் காத்திருந்த ஏதோ ஒரு பஸ்
இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டு
மன்னார்குடிப் பக்கம் போனது.
நெல் சூட்டில் சுருண்டு கிடக்கும் அந்த நாயின்
விலா ஏறி இறங்குவதை
இங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன்,
எண்ணாமல்.