எடைச் சீட்டு

வெள்ளக்கோவிலில் மழை
வருஷத்துக்கு எண்ணி நாலு தடவைதான் ஒழுங்காகப் பெய்யும்.
மறுநாள் குப்பை கனக்கும்.

எடைமேடைக் கூண்டில் இருப்பவன் நான்.
டிராக்டர் ஏறும்,
சிவப்பு எண்கள் துடித்து நிற்கும்,
சீட்டில் எழுதுவேன்: இரண்டு டன் முந்நூறு.
அதில் குப்பை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று
எந்தக் கட்டமும் கேட்பதில்லை.

இதுவரை அது யாரையும் உறுத்தியதில்லை.
டன் ஏறினாலும் இறங்கினாலும்
கொட்டகையில் எட்டுப் பேருக்கும் அதே சம்பளம்,
அதுவும் பத்தாம் தேதி தாண்டி.

தேங்காய்த் தொட்டியைப் பார்க்காமலே வீசுவாள் பூவாத்தாள்,
குவியலின் உச்சியில் போய் விழும்.
தறிக்குடோன் பஞ்சை உதறி மூட்டை கட்டுவாள் ஓபுளியம்மாள்.
பால் கவர்களை அலசிக் கொடியில் போட்டிருப்பார்கள்,
தூரத்துக்கு ஏதோ விசேஷ வீடு மாதிரி தெரியும்.
முருங்கைக் கழிவு குழிக்குப் போய்
கறுத்து, சுருங்கி, எடையிழந்து, உரமாகும்.
விற்ற காசு நோட்டில் ஏறி எட்டாகப் பிரியும்.
போன ஐப்பசியில் ஆளுக்கு அறுநூற்று நாற்பது.
ஓபுளியம்மாள் மூக்குத்தியை மீட்டாள்.

இப்போது அஜெண்டாவில் பன்னிரண்டாவது பொருள்:
குப்பையைக் கம்பெனிக்கு விடுவது.
இருபது வருஷம். டன்னுக்கு இவ்வளவு.
இணைப்பு இரண்டில், ஒப்படைக்க வேண்டியவை:
டிராக்டர் ஒன்று,
தள்ளுவண்டி பதினெட்டு,
ஆட்கள் எட்டு.
அந்த எட்டுப் பேர் எந்தத் தெருவென்று
கூட்டத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை.
எல்லாருக்கும் தெரியும்.

எனக்குக் கணக்கு ஒன்றுதான் வரும்.
டன்னுக்குக் காசு என்றால்
பிரிக்கிற கை நஷ்டம்.
அலசிய கவர் நஷ்டம்.
குழியில் சுருங்குகிற முருங்கை பெரிய நஷ்டம்.
மழை லாபம். இடித்த வீட்டு மண் லாபம்.
‘ஒட்டுக்காக் கொட்டுங்க, சித்தெ நனைச்சுடுங்க’ என்று
யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை,
எடைமேடையே சொல்லிவிடும்.

கவுன்சிலர் சென்னிமலையான் என்னைத் தாழ்வாரத்தில் மடக்கினார்:
‘ஏனுங் கிளார்க்கு, நகராட்சி மட்டும் என்னத்தக் கிழிச்சுப்போட்டுதுங்?’

வாஸ்தவம்.
ஒரு சித்திரைக்குக் கேட்ட கையுறை
மறு சித்திரைக்கு வந்தது, அதுவும் இடக்கை மட்டும்.
ஒரு டயருக்காக டிராக்டர் நாற்பது நாள் நின்றது.
அந்தக் கோப்பை ஏழுமுறை எழுதியவன் நான்.

நாற்பத்தொன்றாம் நாள் திங்கட்கிழமை.
ஒன்பதாம் வார்டுப் பெண்கள் அஞ்சு பேர்
ஞாயிற்றுக்கிழமை மீன் செதிலும் குடலும் நிறைந்த அன்னக்கூடையைத்
தூக்கிவந்து கமிஷனர் மேஜையில் வைத்தார்கள்.
பைல்களுக்கு நடுவில். ஃபேன் சுழன்றுகொண்டிருந்தது.
பொழுதோட டயர் வந்துவிட்டது.

நான் அவரிடம் இதைத்தான் சொன்னேன்.
அந்த மேஜை ஒன்றும் நல்ல மேஜை இல்லைங்.
ஆனால் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தால் ஆறு நிமிஷம்.
கம்பெனி மேஜை எந்த ஊரில், எத்தனாவது மாடியில் இருக்குங்?
நம்மூர் மீன் அதுவரைக்கும் நாறுமா?

அவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டு உள்ளே போனார்.
பன்னிரண்டாவது பொருள் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.
தள்ளிவைத்ததுதான். கைவிட்டதல்ல.

இன்றைக்கு மூணு மணிக்கே வானம் இருட்டிவிட்டது.
கொட்டகையில் பூவாத்தாள் கொடியை அவிழ்க்க ஓடுகிறாள்,
கவர்கள் அவள் முகத்தில் அறைகின்றன.
தார்ப்பாயின் ஓட்டை எங்கேயென்று தெரிந்து
யாரோ சரியாக அதன் கீழே ஒரு குண்டாவை வைக்கிறார்கள்.

நனைந்தபடி டிராக்டர் மேடை ஏறுகிறது.
இரண்டு டன் தொள்ளாயிரம்.
எழுதிவிட்டு,
கட்டமே இல்லாத ஓரத்தில்
முதல்முறையாக இன்னொரு வார்த்தையும் எழுதுகிறேன்:
மழை.
தேதி போட்டு, கையெழுத்தும் போடுகிறேன்.