மூன்றாவது தடம்

சிமெண்டுச் சாக்கைக் கிழித்து விரித்து
அதன்மேல் மலையை வைத்தார் சென்னியப்பன்.
மக்காச்சோளக் கட்டை நாலும் கரடு.
கவிழ்த்த டம்ளர் ஊசிப்பாறை.
நடுவில் ஒரு சோடா மூடி,
அதில் நாலு சொட்டு.
"இதுதானுங் தொட்டி."

எனக்கா தெரியாது தொட்டி.
மாசிக் கடைசியில் பள்ளம் வற்றினதிலிருந்து
செவ்வாயும் வெள்ளியும்
கடம்பூரிலிருந்து டிராக்டரில் ஏற்றிப்போய்
அதில் தண்ணீர் விடுகிறவன் நான்.
நடைக்கு இவ்வளவு என்று பேச்சு.
பங்குனி போய்விட்டது, கூலி வரவில்லை.
அதைத்தான் முதலில் விசாரித்தார்.
மானை அப்புறம்தான் கேட்டார்.

சொன்னேன்.
கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன்.
தொட்டிக்கு இறங்கும் தடம் மூன்று.
உன்னிப்புதருக்குள் குனிந்து வருவது ஒன்று,
பன்றிக்கும் அதுதான்.
வறண்ட பள்ளத்துக் கல்மேல் ஒன்று.
இன்னொன்று என் டயர் போட்டது.
புள்ளிமான் பொழுதோடே குடித்துவிட்டுப் போகும்.
கடமான் அப்படியில்லை.
நிலா ஊசிப்பாறையைத் தாண்டுமட்டும்
காதை மட்டும் முன்னால் அனுப்பிவிட்டு
உடம்பை மறைவிலேயே வைத்திருக்கும்.

காற்றைச் சொன்னவன் பெள்ளியப்பன்:
"பகல்ல காத்து மேல ஏறும்.
பொழுது உழுந்தா தண்ணியாட்டம் கீழ எறங்கும்.
தொட்டிக்குக் கீழ்க்கைலதான் உக்கோரோணும்."
சொல்லிவிட்டுப் பாதிப் பீடியை
காதில் செருகிக்கொண்டான்,
இப்போதே மான் பக்கத்தில் நிற்கிற மாதிரி.

துப்பாக்கி ஒன்று, தடம் மூன்று.
"ரண்டை அடைச்சுப்போட்டாத் தீந்துது."
வேலியாலா?
"வேர்வையால."
மனுசக் கவுச்சி அடிக்கிற பக்கம்
மான் மூக்கைத் திருப்பாது,
கல்தடத்துக்குத் தானே ஒதுங்கும் என்றார்.
புதர்த்தடத்துக்குப் பெள்ளியப்பன் பனியன்.
டயர்த்தடத்துக்கு என்னுடையது,
மூன்று நாள் துவைக்காதது.
கூழாங்கல் இரண்டு எடுத்து
தன்னையும் பெள்ளியப்பனையும் சாக்கில் உட்காரவைத்தார்.
எனக்குக் கல் வைக்கவில்லை.
"நீ பனியன் பக்கத்துலயே கெட.
தப்பி அந்தப் பக்கம் வந்துதுன்னா
ஆக்காட்டியாட்டம் ஒரு சத்தம் குடு."

அன்றைக்கு ராத்திரி எல்லாம் சரியாக நடந்தது.
காற்று சொன்னபடி இறங்கியது.
நிலா சொன்ன பாறையைத் தாண்டியது.
சென்னியப்பன் கல்தடத்தின் வாயில்
குழலை வைத்துக்கொண்டு
கல்லோடு கல்லாக இருந்தார்.

அது என் தடத்தில் வந்தது.

பெட்டை. ஈரம் காணாத வயிறு.
சரளையில் குளம்பு வைத்து வைத்து
எடுத்துக்கொண்டு
நேராகப் பனியனுக்கு வந்தது.
மோந்தது.
பின்வாங்கும் என்று மூச்சைப் பிடித்தேன்.
அது நாக்கை நீட்டி
அக்குளை நக்கியது.
வாரம் இரண்டு நாள் அந்த வாசம் வந்து போனால்
பின்னாலேயே தண்ணீர் இருக்கும்.
அதற்குத் தெரிந்த கணக்கு அது.
எங்கள் சாக்கில் அதை யாரும் போடவில்லை.

துணி கிழிகிற சத்தம் கேட்டது.
அசை போடுகிற சத்தம்.
நாலு முழத்துக்கு இந்தப்பக்கம் நான்.

ஆக்காட்டி கத்தவில்லை.
வாய் உலர்ந்துவிட்டது,
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
விடிந்ததும் அவர்களிடம் அப்படித்தான் சொன்னேன்.

சென்னியப்பன் என்னை வையவில்லை.
பனியனை முள்ளிலிருந்து எடுத்தார்.
ஒரு பக்கம் முழுக்கத் தின்று போயிருந்தது.
வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து
மடித்து
தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை தண்ணீர் விட்டேன்.
தொட்டி நிறைகிறவரை
மேட்டைப் பார்க்காமல்
குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு பொழுதோடு ஆள் வந்து கூப்பிட்டான்.
அதே சாக்கு.
அதே கரடு, அதே டம்ளர்.
கூழாங்கல் இந்தத் தடவை மூன்று.
சோடா மூடியில் தண்ணீர் இல்லை,
கல்லுப்பு.