பதினாறுக்குப் பதினாறு

கருவிகளைப் பற்றிக் கேட்டால் எனக்குக் கோபம் வராது,
பேச்சு வரும்.
டீ ஆறிவிடும், சொல்லிவிட்டேன்.

புது எஞ்சினுக்கு மாறு என்கிறான் எர்னால்டோ.
மாறுகிறேன்,
வால்டிவியாவில் மழை நிற்கிற முதல் ஞாயிற்றுக்கிழமை.
நான்கு வருடமாக ஒரே பதிப்பு.
அதன் ஓட்டைகள் எல்லாம் எனக்கு அத்துப்படி,
எந்தப் படி கிறீச்சிடும் என்று
இரவு பிந்தி வீடு திரும்புகிறவனுக்குத் தெரிவதுபோல.

ஆறரைக்கு வீடு. முதல் வேலை அடுப்பு.
ஈர விறகைத் தலையில் கட்டுகிறவன்
நன்றாகக் காய்ந்தது என்று கூசாமல் சத்தியம் செய்கிறான்.
அப்டேட் அறிவிப்புக்கும் அதே குரல்தான்:
சில சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டன.
பற்றவைத்துப் பார்த்தால்
இரண்டிலும் புகை.

கறுப்புத் திரையில் பச்சை எழுத்து
சினிமாத் திருடர்களுக்கு.
எனக்கு வெள்ளைத் திரை, பருத்த எழுத்து,
நாற்பத்தாறு வயதுக் கண்.
வரைவது மவுஸில். டேப்லெட்டும் வாங்கினேன்,
கடன் இன்னும் ஐந்து தவணை பாக்கி;
இப்போது அதன்மேல் கெண்டியை இறக்கி வைக்கிறேன்.
சூடு தாங்குகிறது, குறை சொல்லக்கூடாது.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் குறிப்பு எழுத வேண்டுமாம்.
எழுதுகிறேன்.
மார்ச் மூன்று: படகு இனி வானத்தில் ஏறாது.
மார்ச் நான்கு: ஏறுகிறது.

ஆட்டம் இவ்வளவுதான்:
ஆற்றங்கரை மீன் சந்தை,
கடைகளுக்குப் பின்னால் ஒரு கடற்சிங்கம்,
கத்தி வைத்திருக்கும் பெண் திரும்புவதற்குள்
ஒரு மீன் திருட வேண்டும்.
நிஜத்தில் அது திருடுவதே இல்லை.
வாய் திறந்து காத்திருக்கும், அவளே எறிவாள்.
அப்படிச் செய்தால் ஆட்டம் எங்கே?

பகலில் நான் பல் செய்கிறேன்.
மெழுகு, பிளாஸ்டர், ஒரு செட்டுக்கு இருபத்தெட்டு.
வெள்ளை என்று நீங்கள் சொல்வது
எங்கள் அட்டையில் பதினாறு நிறம்.
அதில் ஏ-மூன்று, லேசாக மஞ்சள்,
புகைத்தவர்களுக்கும் உண்மை பேசுகிறவர்களுக்கும்.

வரவேற்பு மேஜை நோல்ஃபா
மதிய இடைவேளையில் ஆடிப் பார்த்தாள்,
எம்பனாடா எண்ணெய் விசைப்பலகை முழுக்க.
மூன்றாவது நிமிடம்
கடற்சிங்கம் சுவருக்குள் போய்விட்டது.
உள்ளேயே நீந்தியது. வெளியே வர வழியில்லை.
திருத்துகிறேன் என்று பாய்ந்தேன்.
இருக்கட்டும், வெளியே மழை என்றாள்.
பிறகு, இதற்கு ஏன் பல்லே இல்லை?

இடமில்லை, பதினாறுக்குப் பதினாறு கட்டம் என்றேன்.
பொய்.
ஒரு புள்ளி போதும் பல்லுக்கு.
ராத்திரியும் பல்லா என்ற அலுப்பு,
அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை டான் எலிசெயோ வந்தார்,
புது செட்டை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு.
வலிக்கிறதா? இல்லை.
ஆடுகிறதா? இல்லை.
மேலே, இடப்பக்கம், இது கொஞ்சம் சாய்ந்திருக்கும்,
சாய்த்துத் தர முடியுமா?
நான் சிரித்தால் வீட்டில் யாரோ மாதிரி பார்க்கிறாள்.

பல் நேராக நிற்கத்தான்
இரண்டு வருடம் படித்தேன்.
மெழுகைச் சூடாக்கி அந்த ஒன்றைச் சாய்த்தேன்.
கண்ணாடியைக் கொடுத்தேன். பார்த்தார்.
அடடா, வந்துவிட்டான் என்றார்.
கட்டணம் வாங்கவில்லை.
முதலாளிக்குத் தெரிய வேண்டாம்.

அன்று இரவு விறகு பற்றவே இல்லை.
கோட்டோடு உட்கார்ந்து
கடற்சிங்கத்தின் வாயில் ஒரு புள்ளி வைத்தேன்,
ஏ-மூன்று.
குறிப்பு: ஒரு பல். சற்றுச் சாய்வாக.

ஒரு புள்ளி எப்படிச் சாயும் என்று
எர்னால்டோ கேட்பான்.
கேட்கட்டும்.
படகு மறுபடி வானத்தில்.
அதை நாளைக்குப் பார்க்கலாம்.